விடை வராத மடல்

ஏழு பக்கம் எழுதினேன். எழுதி முடித்ததும் எழுதுகோலை மேசைமீது வைத்துவிட்டு, கோட்டையைப் பிடித்துவிட்ட படைத்தலைவன்போல நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆண்டு 1984. எனக்கு வயது இருபத்திரண்டு. படிப்பகத்தில் படித்தவை, மேடைகளில் கேட்டவை, நண்பர்களோடு வாதிட்டவை யாவும் நெஞ்சிலே நெருப்பாக இருந்த காலம். அந்த நெருப்பை அள்ளி ஏழு பக்கத்திலும் கொட்டியிருந்தேன். அதற்குப் பெயர், ஒரு நீதிபதிமீது புகார்!

அந்தப் புகாரால் ஓர் ஏழைப் பெண்ணின் வழக்கு பாழாயிற்று. பாதிப் பழி அந்த நீதிபதியைச் சேரும். மறுபாதி என்னைச் சேரும். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக என் நெஞ்சில் தீராமல் கிடக்கும் அந்தக் கணக்கை இன்று உங்கள்முன் விரித்து வைக்கிறேன், தோழர்களே! நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாதிருக்க வேண்டும் என்பது ஒரு நோக்கம். நம் நீதிமன்றங்கள் இன்றும் செய்துவரும் ஒரு தவற்றைச் சுட்டிக்காட்ட வேண்டும் என்பது மற்றொன்று.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீட்டிலே ஓர் அத்தை இருந்தார். இரத்த உறவு இல்லை, ஊர்முறையில் அத்தை. இளமையிலேயே கணவனை இழந்தவர். அவருக்கென்று இருந்தது மூன்று மா நிலம். அந்த நிலத்துக்குச் செல்லும் வண்டிப்பாதையைப் பக்கத்து நிலத்துக்காரர், ஊரிலே பெரிய மனிதர், வேலி போட்டு அடைத்தார். அறுத்த நெல்லைத் தலையில் சுமந்து, வரப்பு வரப்பாகச் சுற்றிக் கொண்டுவர வேண்டிய நிலை. அத்தை வழக்குத் தொடுத்தார். முன்சீப் நீதிமன்றத்துக்கு நான்கு ஆண்டுகள் நடையாய் நடந்தார். வாதம் முடிந்தது, தீர்ப்பு ஒத்திவைக்கப்பட்டது. ஒன்பது மாதங்கள் ஓடின, தீர்ப்பு வரவில்லை.

தீர்ப்புக்கென்று வழக்கு அழைக்கப்பட்டு, மறுபடியும் தள்ளிவைக்கப்பட்ட ஒரு நாளில், அத்தை கைகூப்பி, "ஐயா, தீர்ப்பு எப்பங்க கிடைக்கும்?" என்று கேட்டார். இருக்கையில் இருந்தவர் சீறினார். வீட்டு மூலையில் கிடக்க வேண்டிய கைம்பெண்ணுக்குக் கோர்ட்டிலே என்ன வேலை என்றார். காலை வேளையில் எதிரே வந்து நிற்பது அபசகுனம் என்றார். திறந்த மன்றத்தில், வழக்கறிஞர்களும் குமாஸ்தாக்களும் கேட்கச் சொன்னார். பின்வரிசையில் நின்றிருந்த நானும் கேட்டேன். சிலர் சிரித்தனர். அத்தை அழவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. அத்தை தோற்றார்.

அத்தையின் வழக்கறிஞர் முதியவர், அதிகம் பேசாதவர். "முப்பது நாளுக்குள் சப்கோர்ட்டில் அப்பீல் போட வேண்டும், பணம் திரட்டிக்கொண்டு வாருங்கள் அம்மா" என்று சொல்லியனுப்பினார். நான் குறுக்கே நின்றேன். "அப்பீல் எதற்கு அத்தை? இந்த நீதிபதியையே வீட்டுக்கு அனுப்ப வைக்கிறேன். அவர் போனால் அவர் எழுதிய தீர்ப்பும் போகும்!" என்றேன். படித்தவன் சொன்னான், படிக்காதவர் நம்பினார்.

உயர்நீதிமன்றப் பதிவாளருக்கு மடல் பதிவுத் தபாலில் போயிற்று. அன்றுமுதல் அத்தை தபால்காரரை எதிர்பார்த்துத் திண்ணையில் உட்காரத் தொடங்கினார். மாலையில் நான் வீடு திரும்பினால் முதல் கேள்வி அதுதான்: "மேலிடத்துத் தபால் வந்துச்சா தம்பி?" முப்பது நாள் கழிந்தது. அறுபது நாள் கழிந்தது. ஓராண்டும் கழிந்தது.

பிறகுதான் அஞ்சி அஞ்சி அந்த முதியவரிடம் சென்றோம். என்னிடமிருந்த நகலை வாங்கிப் படித்தார். ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்தார். "தம்பி, நீதிபதி கையூட்டு வாங்கினார் என்று எழுதியிருக்கிறாயே, நீ பார்த்தாயா?" என்றார். ஊரே பேசிக்கொள்கிறது என்றேன். கோடு விழுந்தது. "பெரிய மனிதர் வீட்டு விருந்துக்குப் போனார் என்கிறாயே, எந்த நாள்? யார் கண்டது?" என்றார். நான் விழித்தேன். மற்றொரு கோடு. "சாட்சியத்தைச் சரியாக எடைபோடவில்லை என்கிறாய். அது அப்பீலில் சொல்ல வேண்டியது. புகாரில் சொல்ல வேண்டியதில்லை." இன்னொரு கோடு. பக்கம் பக்கமாகச் சிவந்தது. முடிவில் மிஞ்சியவை நான்கே வரிகள்: வாதம் முடிந்த நாள், தீர்ப்பு வந்த நாள், திறந்த மன்றத்தில் சொல்லப்பட்ட சொற்கள், அங்கே இருந்தவர்கள் யார் யார் என்பது.

"இந்த நான்கு வரிதான் புகார், தம்பி! ஏழு பக்கத்துக்குள் இதைப் புதைத்துவிட்டாயே!" என்றார் அவர்.

காலதாமதத்தைப் பொறுத்து மேல்முறையீட்டை ஏற்க வேண்டும் என்று மனுப் போட்டார். புகாருக்கு விடை வருமென்று காத்திருந்தது தாமதத்துக்குப் போதிய காரணம் ஆகாது என்று மனு தள்ளுபடி ஆயிற்று. வேலி வேலியாகவே நின்றது. அத்தை அதற்குப் பிறகும் நெல்லைத் தலையிலேதான் சுமந்தார். என்னை ஒரு சொல் கடிந்தாரில்லை. கடிந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று நான் கற்றுக்கொண்டது இது. தவறான தீர்ப்பு வேறு. தவறான நடத்தை வேறு. தீர்ப்புத் தவறென்றால், அதைத் திருத்த மேல்மன்றம் இருக்கிறது. தோற்றவர் ஒவ்வொருவரும் நீதிபதியின் வேலைக்கே உலைவைக்கலாம் என்றால், எந்த நீதிபதியும் பெரிய மனிதருக்கு எதிராகத் தீர்ப்பெழுதத் துணியமாட்டார். புகாரைப் பக்கம் பக்கமாக எழுதவைக்கும் வசதி பெரிய மனிதருக்குத்தானே உண்டு! இங்கிலாந்தில் மன்னர்கள் தமக்குப் பிடிக்காத நீதிபதிகளை நினைத்தபோது விரட்டி வந்தார்கள். 1701-ஆம் ஆண்டுச் சட்டம் அந்த வழியை அடைத்து, நன்னடத்தை உள்ளவரை நீதிபதியை அசைக்க முடியாது என்று ஆக்கியது. அந்தப் பாதுகாப்பு எளியவருக்காக வந்தது. 1988-இல் நம் உச்சநீதிமன்றமும், தோற்ற கட்சிக்காரர்களும் சில வழக்கறிஞர்களும் தொடுக்கும் பொய்ப் புகார்களிலிருந்து நேர்மையான கீழ்மன்ற நீதிபதிகளைக் காப்பது உயர்நீதிமன்றத்தின் கடமை என்று வலியுறுத்தியது. என் ஏழு பக்கத்தில் பெரும்பகுதி அத்தகைய புகார்தான் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்த நான்கு வரி?

கையூட்டு வாங்குவது, உறவினர் வழக்கைத் தாமே விசாரிப்பது, மன்றத்தில் நிற்பவரை இழிவாகப் பேசுவது, தீர்ப்பை மாதக்கணக்கில் பூட்டிவைப்பது, இவை சட்டத்தைப் புரிந்துகொள்வதில் நேரும் பிழைகள் அல்ல. வாதம் முடிந்து முப்பது நாளில், மிஞ்சிப்போனால் அறுபது நாளில், தீர்ப்புச் சொல்ல முயலவேண்டும் என்கிறது இன்றைய உரிமையியல் நடைமுறைச் சட்டம். இத்தகைய நடத்தையை மேல்முறையீடு தொடாது. அதைத் தொடவேண்டியது புகார். அந்தப் புகார் எங்கே போகிறது, யார் கையில் விழுகிறது, என்ன ஆகிறது?

மாவட்ட மன்றமும் அதற்குக் கீழுள்ள மன்றங்களும் உயர்நீதிமன்றத்தின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. அரசியல் சட்டத்தின் 235-ஆம் பிரிவு அப்படிச் சொல்கிறது. அமைச்சரோ ஆட்சியரோ முன்சீப்மீது கைவைக்க முடியாது, அது நல்லதே. புகார் உயர்நீதிமன்றத்துக்குப் போகும். சாரம் இருப்பதாகத் தோன்றினால் முதலில் ஓசையில்லாமல் ஒரு விசாரணை நடக்கும். பிறகு குற்றச்சாட்டுக் குறிப்பாணை, நீதிபதியின் விளக்கம், சாட்சிகள், குறுக்கு விசாரணை, அறிக்கை என்று படிகள் வரும். குற்றம் மெய்ப்பட்டால் கண்டனம், ஊதிய உயர்வு நிறுத்தம், கட்டாய ஓய்வு என்று தண்டனைகள் ஏறும். பணியிலிருந்தே நீக்குவதாக இருந்தால், உயர்நீதிமன்றம் பரிந்துரைக்க, ஆளுநர் ஆணையிடுவார். ஏட்டிலே படித்தால் ஒழுங்கான ஏணிதான்! ஆனால் புகார் கொடுத்தவர் அந்த ஏணியின் கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். மேலே என்ன நடக்கிறதென்பது அவருக்குத் தெரியாது.

எங்கள் முன்சீப் இரண்டாண்டு கழித்து வேறு ஊருக்கு மாறுதலானார். "உன் மடல்தான் வேலை செய்தது" என்று சிலர் என் தோளைத் தட்டினார்கள். மூன்றாண்டு முடிந்ததால் வந்த வழக்கமான மாறுதல் என்றார் குமாஸ்தா. எது மெய் என்று இன்றுவரை நான் அறியேன். மெய்யாகவே தண்டனை என்றால், அந்தப் புதிய ஊரில் கைம்பெண்கள் இல்லையா? குற்றம் செய்யவில்லை என்றால், என் ஏழு பக்கத்துக் கறை அவர்மீதிருந்து துடைக்கப்பட்டிருக்க வேண்டாமா? விடை வராததால் எனக்குப் பொய்ப்பெருமை, அவருக்குத் தீராத பழி, அத்தைக்கு வெறும் திண்ணை!

கீழே இப்படி என்றால், மேலே எப்படி?

உயர்நீதிமன்ற, உச்சநீதிமன்ற நீதிபதிகளை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது. மெய்ப்பிக்கப்பட்ட தவறான நடத்தை, அல்லது செயலாற்ற இயலாமை என்ற இரண்டே காரணங்களுக்காக நீக்கலாம். 1968-ஆம் ஆண்டின் நீதிபதிகள் விசாரணைச் சட்டம் வழியை வகுக்கிறது. மக்களவை உறுப்பினர் 100 பேர், அல்லது மாநிலங்களவை உறுப்பினர் 50 பேர் கையொப்பமிட வேண்டும். அவைத்தலைவர் ஏற்றால் மூவர் குழு விசாரிக்கும். குழு குற்றம் கண்டால், இரு அவைகளிலும் தனித்தனியே, மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேற்பட்டவரும், வந்து வாக்களித்தவரில் மூன்றில் இரண்டு பங்கினரும் ஆதரிக்க வேண்டும்.

இந்த வழியில் முதலில் நிறுத்தப்பட்டவர், சென்னை உயர்நீதிமன்றத்தில் நீண்டகாலம் நீதிபதியாக இருந்து, பஞ்சாப்–அரியானா தலைமை நீதிபதியாகி, உச்சநீதிமன்றம் சென்ற வி. இராமசாமி. தலைமை நீதிபதியாக இருந்தபோது அரசுச் செலவில் முறைகேடுகள் செய்தார் என்பது குற்றச்சாட்டு. 1991-இல் 108 உறுப்பினர்கள் கையொப்பமிட்டனர். நீதிபதி சாவந்த் தலைமையிலான குழு, 14 குற்றச்சாட்டுகளில் 11 மெய்ப்பட்டன என்றது. 1993 மே திங்களில் மக்களவை வாக்கெடுத்தது. நீக்க வேண்டும் என்றோர் 196. வேண்டாம் என்றோர் ஒருவருமில்லை! வாக்களிக்காமல் உட்கார்ந்திருந்தோர் 205. தீர்மானம் வீழ்ந்தது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! அவர் குற்றமற்றவர் என்று கருதினால் எழுந்து சொல்லியிருக்கலாம். குற்றவாளி என்று கருதினாலும் சொல்லியிருக்கலாம். நாட்டின் மிகப்பெரிய மன்றத்தில், மக்களின் பெயரால் அமர்ந்திருந்த 205 பேர் வாய்மூடி இருந்தார்கள். எங்கள் அத்தைக்குப் பதிவாளர் அலுவலகம் தந்த அதே விடையை, நாட்டுக்கு நாடாளுமன்றம் தந்தது.

பின்னர் 2011-இல், கல்கத்தா நீதிபதி சௌமித்ர சென்னை நீக்க மாநிலங்களவை வாக்களித்தது. மக்களவை எடுத்துக்கொள்ளுமுன் அவர் பதவி விலகினார். அதே ஆண்டில் பி.டி. தினகரன், விசாரணைக் குழு நடந்துகொண்டிருக்கையிலேயே விலகினார். அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்த 1950 முதல் 2025 முடிய, இந்த வழியில் நீக்கப்பட்ட நீதிபதி ஒருவருமில்லை.

நீக்கும் அளவுக்குப் போகாத குற்றங்களுக்கு என்ன செய்வது? அதற்கென உச்சநீதிமன்றம் 1999-இல் தனக்குள்ளேயே ஒரு விசாரணை முறையை ஏற்றுக்கொண்டது. தலைமை நீதிபதி புகாரைப் பார்த்து, நீதிபதியின் விளக்கம் கேட்டு, தேவையென்றால் நீதிபதிகள் மூவரைக் கொண்ட குழு அமைப்பார். குற்றம் கடுமையென்றால் விலகுமாறு சொல்வார்கள். விலக மறுத்தால் வழக்குகள் தரப்படா. குடியரசுத் தலைவருக்கும் தலைமை அமைச்சருக்கும் செய்தி போகும். சிறிய குற்றமென்றால் அறிவுரையோடு முடியும். குழுவின் அறிக்கை அந்த நீதிபதிக்குத் தரப்படும். புகார் கொடுத்தவருக்கு? அத்தகைய அறிக்கை மறைபொருள் என்று 2003-இல் உச்சநீதிமன்றமே சொல்லிவிட்டது.

அதன் விளைவை 2019-இல் கண்டோம். உச்சநீதிமன்றத்தில் பணிபுரிந்த ஒரு பெண், அன்றைய தலைமை நீதிபதிமீதே பாலியல் தொல்லைப் புகார் கொடுத்தார். சக நீதிபதிகள் மூவர் விசாரித்தனர். துணைக்கு வழக்கறிஞர் மறுக்கப்பட்டதைச் சுட்டி, அந்தப் பெண் பாதியில் விலகினார். புகாரில் சாரமில்லை என்று குழு கண்டது. ஏன் இல்லை என்ற அறிக்கை அவருக்குத் தரப்படவில்லை. குழு கண்டது சரியா, தவறா என்ற வாதத்துக்குள் நான் புகவில்லை. காரணத்தைக் காட்டாத முடிவு, அந்தப் பெண்ணுக்கும் நியாயமாகாது. குற்றமற்றவராக இருப்பின் அந்த நீதிபதிக்கும் நியாயமாகாது.

2025 மார்ச்சில், டில்லி உயர்நீதிமன்ற நீதிபதி யஷ்வந்த் வர்மாவின் அரசு இல்லத்தில் தீப்பிடித்தபோது எரிந்த பணக்கட்டுகள் காணப்பட்டதாகச் செய்தி எழுந்தது. அப்போது உச்சநீதிமன்றம் வழக்கத்தை மீறி ஒரு நல்ல காரியம் செய்தது: முதற்கட்ட அறிக்கையையும், படங்களையும், அந்த நீதிபதியின் மறுப்பையும் மக்கள் பார்வைக்கு வைத்தது. வானம் இடிந்து விழவில்லை. நீதியின் மாண்பு குலைந்துவிடவுமில்லை! அவரை அலகாபாத்துக்கு மாற்றியபோது அங்கிருந்த வழக்கறிஞர்கள் எதிர்ப்புக் குரல் எழுப்பினர். இந்த மாறுதல் விசாரணையோடு தொடர்பற்றது என்றது உச்சநீதிமன்றம். ஆயினும் எங்கள் முன்சீப்பின் மாறுதலைப் பற்றி நாங்கள் கேட்ட கேள்வியைத்தான் அலகாபாத்திலும் கேட்டார்கள். மூவர் குழு அவருக்கு எதிராகக் கருத்துரைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் மக்களவைத் தலைவர் 1968 சட்டப்படி விசாரணைக் குழு அமைத்தார்.

கையூட்டு வழக்கென்றால் காவல்துறை போதாதா எனலாம். சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதியாக இருந்த கே. வீராசாமியின் வழக்கில், உயர்மன்ற நீதிபதிகளும் ஊழல் தடுப்புச் சட்டத்துக்கு உட்பட்டவர்களே என்று 1991-இல் தீர்ப்பாயிற்று. ஆனால் இந்தியத் தலைமை நீதிபதியைக் கலந்துகொள்ளாமல் வழக்குப் பதியக் கூடாது என்றும் அதே தீர்ப்பு சொன்னது. திரும்பத் திரும்ப, கதவு உள்ளிருந்துதான் திறக்க வேண்டியிருக்கிறது.

நீதிபதியை விசாரிப்பது நீதிபதிகளாகவே இருப்பதைக்கூட நான் பெரும் குறையாகச் சொல்லமாட்டேன். அமைச்சர்கள் கையில் அந்தச் சாட்டையைக் கொடுப்பதைவிட அது மேல். ஆனால் மூடிய அறையில் விசாரித்து, விடை சொல்லாமல் எழுந்து போவதுதான் பெருங்குறை.

நம் சிலப்பதிகாரத்தைப் பாருங்கள். கண்ணகி கொண்டுசென்றது என்ன? நீதி சொல்லும் இடத்தில் இருந்தவன்மீது ஒரு புகார்! அவள் ஏழு பக்கம் பேசவில்லை. கையில் ஒற்றைச் சிலம்பு. அதனுள்ளே மாணிக்கம் என்ற ஒரே செய்தி. அரசி சிலம்பின் பரல் முத்து. வாயிற்காவலன் அவளைத் தடுத்து நிறுத்திவிடவில்லை. அரசனிடம் சென்று அறிவித்தான். அவையோர் காண விசாரணை நடந்தது; சான்று உடைத்துக் காட்டப்பட்டது; குற்றம் செய்தவன் தன் வாயாலேயே குற்றத்தை ஒப்பினான். மதுரை எரிந்ததைக் கற்பனை என்று பகுத்தறிவாளர் ஒதுக்கலாம். அந்த விசாரணை முறையை ஒதுக்கக் கூடாது. திறந்த வாயில், தெளிந்த சான்று, கேட்டவளுக்கு நேருக்குநேர் விடை! புலவன் கண்ட அந்த அவையில் இருந்தவை நம் ஏட்டில் இன்னும் ஏறவில்லையே!

இங்கிலாந்தில் 2013 முதல், நீதிபதிகளின் நடத்தையைப் பற்றிய புகார்களை ஆய்வதற்கென ஓர் அலுவலகம் இருக்கிறது. தீர்ப்புத் தவறென்ற புகாரை அது தொடாது. நடத்தையை மட்டுமே பார்க்கும். தண்டனை விதிக்கப்பட்டால் நீதிபதியின் பெயரும் காரணமும் அறிக்கையாக வெளிவரும். புகாரை நடத்திய முறை சரியில்லை என்றால் முறையிடத் தனி அதிகாரி ஒருவரும் உண்டு. அங்கே நீதிபதிகள் அஞ்சி நடுங்குவதாக யாரும் சொல்லவில்லை. இங்கேயும் 2010-இல் ஒரு மசோதா வந்தது. 2012-இல் மக்களவையில் நிறைவேறியது. மாநிலங்களவையில் நிறைவேறாமலே 2014-இல் மக்களவை கலைந்தபோது காலாவதியாயிற்று.

நாம் கேட்பது பெரிதல்ல. புகார் வந்து சேர்ந்தது என்று எண்ணிட்டு ஒரு மடல் வரட்டும். இத்தனை மாதத்துக்குள் முடியும் என்ற கெடு இருக்கட்டும். தள்ளுபடி செய்தால் ஏனென்று மூன்று வரி எழுதட்டும்: "நீ சொல்வது மேல்முறையீட்டுக்கு உரியது; உடனே அங்கே போ" என்றாவது எழுதட்டும்! அந்த ஒரு வரி முப்பது நாளுக்குள் வந்திருந்தால், எங்கள் அத்தையின் வண்டிப்பாதை திறந்திருக்கக்கூடும். குற்றம் மெய்ப்பட்டால் முடிவு வெளிவரட்டும். பொய்யென்று தெரிந்தால் நீதிபதியின் பெயர் ஊரறியத் துடைக்கப்படட்டும்.

உங்களுக்கும் ஒரு சொல், இளைஞர்களே! உங்கள் ஊரிலும் ஓர் அத்தை உங்களிடம் வருவார். படித்த பிள்ளை என்று நம்பி வருவார். முதலில் மேல்முறையீட்டுக் கெடுவைப் பாருங்கள். பிறகு புகார் எழுதுங்கள். கண்டதை எழுதுங்கள்; கேள்விப்பட்டதை ஒதுக்குங்கள். நாளும் இடமும் சாட்சியும் எழுதுங்கள். ஆவேசத்தை மேடைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுதியபின், விடை வரும்வரை விடாமல் கேளுங்கள்.

அத்தையைக் கடைசியாக நான் பார்த்தபோது அவருக்குக் கண்பார்வை மங்கியிருந்தது. என் குரலைக் கேட்டதும் மெல்லச் சிரித்து, "அந்தத் தபால் வரவே இல்லையே தம்பி" என்றார். என்னிடம் விடை இல்லை. விடை வைத்திருந்தவர்கள் வேறு இடத்தில் இருந்தார்கள். அவர்கள் எழுதவே இல்லை.